விலா எலும்புக்கு இரண்டு வேலை: ஊர்வன எப்படி மூச்சு விடுகின்றன?

ஓணான் ஓடுவதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே மூச்சில் தூரம் போகாது. விருட்டென்று பாயும், சட்டென்று நிற்கும், தலையைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி பாயும். ஆபத்து ஏதும் வருகிறதா என்று பார்க்கத்தான் நிற்கிறது என்று நினைக்கத் தோன்றும். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் உடம்புக்குள் வேறொரு சிக்கலும் இருக்கிறது. வேகமாக ஓடும்போது ஓணானால் சரியாக மூச்சு விட முடியாது. உடம்பை வளைத்து ஓடுவதற்கும் மூச்சை இழுப்பதற்கும் விலாப்புறத்துத் தசைகளையே அது நம்பியிருக்கிறது. ஒரு வேலையில் இறங்கினால் மற்றது தடைப்படும்.

ஊர்வனவற்றின் சுவாசத்துக்குப் பள்ளிப் பாடங்களில் ஒரு வரிதான் கிடைக்கும்: நுரையீரலால் சுவாசிக்கின்றன, அவ்வளவுதான். மீனுக்குச் செவுள், தவளைக்குத் தோலும் நுரையீரலும், ஊர்வனவற்றுக்கு நுரையீரல், அதற்கு மேலே பாலூட்டிக்கும் பறவைக்கும் இன்னும் சிறந்த நுரையீரல் என்று கீழிருந்து மேலாக அடுக்கிவிடுவார்கள். அந்த அடுக்கில் ஊர்வன நடுவில் எங்கோ அரைகுறையாக நிற்கும். எனக்கு அந்த அடுக்கில் நம்பிக்கை இல்லை. நுரையீரல் ஒரு பை மாதிரிதான், தானாகக் காற்றை இழுக்க அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து ஏதாவது ஒன்று அதை விரிக்க வேண்டும், சுருக்க வேண்டும். அந்த வேலையை யார் செய்வது என்ற கேள்வியில்தான் பல்லி, பாம்பு, ஆமை, முதலை நான்கும் ஆளுக்கொரு வழியில் போகின்றன.

முதலில் மற்ற உயிரினங்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மீனின் பாடு கடினமானது. ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும். தண்ணீர் கனமும் அதிகம். அதை உள்ளே இழுத்து, நிறுத்தி, வந்த வழியே வெளியே தள்ளுவது கட்டுப்படியாகாது. அதனால் தண்ணீர் வாய் வழியாக நுழைந்து, செவுளைக் கடந்து, மறுபக்கம் போய்விடுகிறது. செவுளுக்குள் ரத்தம் தண்ணீருக்கு எதிர்த்திசையில் ஓடுவதால் கடைசித் துளி ஆக்சிஜன் வரை உறிஞ்சிக்கொள்ள முடிகிறது. பூச்சிகள் ரத்தத்தை நம்புவதே இல்லை. உடம்பின் பக்கவாட்டிலுள்ள சின்னத் துளைகள் வழியே காற்று நுழைந்து, கிளை கிளையாகப் பிரியும் நுண்குழல்களில் போய், திசுக்களையே நேராகச் சேர்கிறது.

தவளைதான் நம் கதைக்கு முக்கியம். அதற்கு மார்புக்கூடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது, விலா எலும்புகள் மிகச் சிறியவை அல்லது இல்லவே இல்லை. அதனால் அது வாயின் அடித்தளத்தைத் தாழ்த்தி மூக்கு வழியே காற்றை வாய்க்குள் வாங்கி, மூக்கை மூடிக்கொண்டு, அடித்தளத்தை உயர்த்தி அந்தக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. காற்றை விழுங்குகிறது என்றே சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் அளவு காற்றுதான் போகும். ஆக்சிஜனுக்கு அது போதும். கார்பன் டைஆக்ஸைடை வெளியேற்றத்தான் போதாது. அந்த வாயுவின் பெரும்பகுதி தவளையின் தோல் வழியாகவே போகிறது. தோல் அந்த வேலையைச் செய்ய வேண்டுமென்றால் மெல்லியதாக, ஈரமாக இருக்க வேண்டும். தவளைகள் ஈரத்தை விட்டு அதிக தூரம் போக முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊர்வனவற்றின் மூதாதைகள் இங்கேதான் திசை மாறின. விலா எலும்புகள் நீண்டன, அவற்றுக்கிடையே தசைகள் வந்தன. அந்தத் தசைகள் மார்புக்கூட்டை விரித்தால் உள்ளே அழுத்தம் குறைகிறது, காற்று தானாக நுழைகிறது. தள்ளுவதற்குப் பதில் இழுப்பது. சின்ன மாற்றம் மாதிரிதான் தெரியும், ஆனால் இதன் விளைவுகள் பெரியவை. ஒரே இழுப்பில் நிறையக் காற்று வருவதால் கார்பன் டைஆக்ஸைடையும் நுரையீரலே வெளியேற்றிவிடும். தோலுக்கு அந்தப் பொறுப்பு போயிற்று. இனி அது தடித்துச் செதிலாகலாம், உலரலாம், வெயிலைத் தாங்கலாம். மூச்சுக்காக அகலமான வாயும் தேவையில்லை, தலை ஒடுங்கலாம், கழுத்து நீளலாம். வறண்ட நிலத்தை ஊர்வன பிடித்ததற்கு ஓடுள்ள முட்டையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். விலா எலும்புக்கும் அதில் சம பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வில்லங்கம் இருந்தது. மூச்சு விட வைத்த அதே கூடு நடப்பதற்கும் வேண்டியிருந்தது.

பல்லி நடப்பதைப் பாருங்கள். கால்கள் உடம்பின் பக்கவாட்டில் விரிந்திருக்கும். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இடமும் வலமுமாக வளையும். இடப்பக்கம் வளையும்போது இடது நுரையீரல் நசுங்கி, வலது நுரையீரல் விரியும். அடுத்த அடியில் நேர்மாறு. காற்று ஒரு நுரையீரலிலிருந்து இன்னொன்றுக்கு அலையலாம், வெளியிலிருந்து புதுக்காற்று வருவது கடினம். அத்தோடு, உடம்பை வளைக்கும் தசைகள் ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் இயங்க வேண்டும், மூச்சு இழுக்கவோ இரண்டு பக்கமும் சேர்ந்து இயங்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் கேரியர் 1987-ல் இந்தச் சிக்கலை விளக்கமாக எழுதினார். அன்றிலிருந்து இதை அவர் பெயராலேயே 'கேரியரின் தடை' என்று குறிப்பிடுகிறார்கள். அவர் பல்லிகளை ஓடவிட்டு அளந்தும் பார்த்தார். வேகம் கூடக் கூட அவற்றின் மூச்சு குறைந்தது. நம் உடம்பில் நிகழ்வதற்கு நேர் எதிர்.

பாலூட்டிகள் இந்தத் தடையை வேறு விதமாகத் தாண்டின. கால்கள் உடம்புக்குக் கீழே வந்தன, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதற்குப் பதில் மேலும் கீழும் வளையத் தொடங்கியது, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத்தட்டு வந்தது. நாலுகால் பாய்ச்சலில் போகும் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று கணக்காக விடும். ஓட்டம் அதன் மூச்சுக்குத் துணை போகிறது.

சரி, அப்படியென்றால் உடும்பு எப்படி? அது பல்லி இனம்தான், ஆனால் நெடுந்தூரம் நடக்கும், இரையை விரட்டிப் போகும். 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை சொன்னது. நடக்கும்போது உடும்பு தொண்டையை விரித்துக் காற்றை வாங்கி, அழுத்தி நுரையீரலுக்குள் தள்ளுகிறது. தவளையின் பழைய உத்தியேதான், விலா எலும்பு செய்ய முடியாததை ஈடுகட்ட மறுபடி வந்திருக்கிறது. ஆய்வாளர்கள் உடும்பின் வாயை மூட முடியாதபடி திறந்து வைத்து நடக்கவிட்டார்கள். தொண்டையால் தள்ள முடியாமல் போனதும் உடும்புக்கும் மற்றப் பல்லிகளுக்கு வருகிற அதே தடை வந்துவிட்டது. எனக்குப் பிடித்த சோதனைகளில் இதுவும் ஒன்று. எளிமையானது, கேள்விக்கு நேரான பதில். ஒன்று சொல்ல வேண்டும்: சும்மா உட்கார்ந்திருக்கும் ஓணானின் தொண்டை துடிப்பதைப் பார்த்து அதுதான் மூச்சு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மூக்கு வழியே மணம் பிடிக்கிற வேலை. மூச்சைப் பார்க்க வேண்டுமென்றால் விலாப்பகுதியைப் பார்க்க வேண்டும்.

பாம்புக்கு வருவோம். காலே இல்லாததால் விலா எலும்பு அதற்கு எல்லாமாகவும் இருக்கிறது. நகர்வதற்கு அதுதான், இரையை நெரிப்பதற்கு அதுதான், மூச்சு விடுவதற்கும் அதுதான். ஒல்லியான உடம்பில் இரண்டு நுரையீரலை அருகருகே வைக்க இடமில்லை. அதனால் பெரும்பாலான பாம்புகளில் இடது நுரையீரல் சுருங்கிப் பெயருக்கு இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. வலது நுரையீரல் மட்டும் நீண்டு கிடக்கும். மலைப்பாம்புகளுக்கும் போவா பாம்புகளுக்கும் இரண்டும் உண்டு, ஆனாலும் இடது சிறியது. அந்த நீண்ட நுரையீரலின் முன்பகுதியில்தான் ரத்த நாளங்கள் அடர்ந்திருக்கும், வாயுப் பரிமாற்றம் அங்கேதான் நடக்கும். பின்பகுதி ரத்த ஓட்டம் குறைந்த மெல்லிய காற்றுப் பை. அது எதற்கு என்பது வெகுநாள் புதிராக இருந்தது.

2022-ல் வெளியான ஓர் ஆய்வு அந்தப் புதிரின் ஒரு பகுதியை அவிழ்த்தது. ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றுவார்களே, அந்தப் பட்டையைப் போவா பாம்பின் உடம்பில் ஓரிடத்தில் சுற்றி இறுக்கினார்கள். அந்த இடத்து விலா எலும்புகள் அசைய முடியாமல் போனதும் பாம்பு வேறோர் இடத்து விலா எலும்புகளால் மூச்சு விட ஆரம்பித்தது. முன்புறம் இறுகினால் பின்புறம், பின்புறம் இறுகினால் முன்புறம். முன்பகுதி இரையை நெரித்துக்கொண்டிருக்கும்போதோ, விழுங்கிய இரை அங்கே அடைத்துக்கொண்டிருக்கும்போதோ, பின்பகுதி விலா எலும்புகள் அந்தக் காற்றுப் பையை விரிக்கின்றன. வெளிக்காற்று பரிமாற்றம் நடக்கும் முன்பகுதியைக் கடந்துதான் அங்கே போக வேண்டும் என்பதால் பாம்புக்கு ஆக்சிஜன் கிடைத்துவிடுகிறது. தன் தலையைவிடப் பெரிய இரையை மணிக்கணக்கில் விழுங்கும்போது வாய் அடைபட்டுப் போகாதா? அதற்கும் வழி இருக்கிறது. பாம்பின் மூச்சுக்குழலின் வாய் முன்னால் நீண்டு, இரைக்குக் கீழாக வெளியே எட்டிப் பார்த்துக் காற்றை வாங்கும்.

கடல் பாம்புகள் இன்னொரு படி போய்விட்டன. தோல் வழிச் சுவாசத்தை ஊர்வன கைவிட்டன என்று மேலே சொன்னேன் அல்லவா? மஞ்சள் வயிற்றுக் கடல் பாம்பு தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு வரை தோல் வழியாகவே கடல் நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். உயிரியலில் 'கைவிட்டன' என்று எழுதும்போதெல்லாம் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது.

எல்லாவற்றிலும் விசித்திரமான நிலைமை ஆமையுடையது. அதன் விலா எலும்புகள் அகன்று, ஒன்றோடொன்று சேர்ந்து, முதுகோடாகவே ஆகிவிட்டன. ஓடு என்பது ஆமை போட்டுக்கொள்ளும் கவசம் இல்லை, அதன் எலும்புக்கூட்டின் பகுதி. விலா எலும்பு அசையாது என்றால் மார்பு விரியாது. அப்புறம் மூச்சு எப்படி?

ஆமையின் நுரையீரல் முதுகோட்டின் உட்புறம் ஒட்டி, மேலே இருக்கிறது. கல்லீரல், இரைப்பை, குடல் எல்லாம் அதற்குக் கீழே. வயிற்றுப்புறத்தில் தொட்டில்போல இரண்டு தசைத் தொகுதிகள் இந்த உறுப்புகளைத் தாங்கியிருக்கின்றன. ஒன்று சுருங்கினால் உறுப்புகள் மேலே எழும்பி நுரையீரலை அழுத்தும், காற்று வெளியேறும். மற்றது சுருங்கினால் உள்ளே இடம் பெருகும், காற்று நுழையும். கால்களும் தலையும் உள்ளே போவதும் வெளியே வருவதும்கூட ஓட்டுக்குள்ளிருக்கும் இடத்தை மாற்றுவதால் மூச்சைப் பாதிக்கும். பயந்துபோன ஆமை தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது கேட்கும் 'ஸ்ஸ்' சத்தம் பெரும்பாலும் மிரட்டல் இல்லை, இடமில்லாமல் வெளியே பிதுங்கும் காற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், விலா எலும்பை இழந்ததால் சில ஆமைகள் கேரியரின் தடையிலிருந்து தப்பிவிட்டன. வளையவே முடியாத உடம்பில் வளைவதால் வரும் தடை ஏது? வட அமெரிக்கப் பெட்டி ஆமைகள் நடந்துகொண்டே தடையில்லாமல் மூச்சு விடும். ஆனால் முட்டையிடக் கரையேறும் பச்சைக் கடல் ஆமையால் முடியாது. மணலில் கொஞ்ச தூரம் தவழும், நிற்கும், மூச்சு விடும், மறுபடி தவழும். துடுப்பாக மாறிய முன்கால்களால் அவ்வளவு எடையை இழுக்கும்போது மூச்சு நின்றுவிடுகிறது.

இந்தத் தசை ஏற்பாடு எப்போது வந்தது? தென்னாப்பிரிக்காவில் கிடைத்த, ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகள் பழமையான, ஆமைகளின் ஆதி உறவாகக் கருதப்படும் யூனோடோசாரஸ் என்ற விலங்கின் புதைபடிவம் ஒரு துப்பு தருகிறது. அதற்கு ஓடு கிடையாது, ஆனால் விலா எலும்புகள் மிக அகலமானவை. அந்த எலும்புகளில் தசைகள் பதிந்திருந்த விதத்தை டைலர் லைசன் தலைமையிலான குழு ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டது. விலா எலும்புகளுக்கிடையே இருக்க வேண்டிய தசைகளின் சுவடு இல்லை, வயிற்றுத் தசைகள் ஏற்கெனவே மூச்சுப் பொறுப்பை எடுத்திருந்தன என்பது அவர்கள் முடிவு. அதாவது மூச்சு முதலில் வயிற்றுக்கு இடம் மாறியது, அதன் பிறகுதான் வேலை குறைந்த விலா எலும்புகள் ஓடாக மாற முடிந்தது. ஓடு வந்ததால் மூச்சு மாறியது என்று நினைத்தவர்களுக்கு இது வரிசையையே திருப்பிப் போட்டது.

தண்ணீருக்கடியில் ஆமைகள் செய்வது தனி அத்தியாயம், சுருக்கமாகவே சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஃபிட்ஸ்ராய் ஆற்றில் வாழும் ஓர் ஆமை, பின்புறத்துப் பொதுக்கழிவாய் வழியே தண்ணீரை உள்ளிழுத்து வெளிவிடும். அங்கிருக்கும் இரண்டு பைகளின் சுவர்களில் விரல் விரலாக நீண்ட மடிப்புகள் நிறைந்திருக்கும். அவை செவுள் செய்யும் வேலையைச் செய்வதால் அந்த ஆமை நாட்கணக்கில் மேலே வராமல் இருக்கும். வட அமெரிக்காவின் வண்ண ஆமை இதைவிட ஒரு படி மேல். குளம் உறைந்த பிறகு பனிக்கட்டிக்கு அடியில், ஆக்சிஜன் துளியும் இல்லாத நீரிலும் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அந்தக் குளிரில் அதன் உடலின் தேவை மிகக் குறைந்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரிப்பதால் சேரும் லாக்டிக் அமிலத்தை ஓட்டிலும் எலும்பிலும் உள்ள கார்பனேட் உப்புகள் சமன் செய்கின்றன. மூச்சுக்கு இடைஞ்சலாக வந்த ஓடு, மூச்சே இல்லாத காலத்தில் காப்பாற்றுகிறது.

முதலைக்கு விலா எலும்பும் அசையும், உதவிக்கு வேறொன்றும் இருக்கிறது: கல்லீரல். நுரையீரலுக்குப் பின்னால் தட்டுபோல நிற்கும் கல்லீரலை, இடுப்பெலும்பிலிருந்து வரும் ஒரு தசை வாலை நோக்கி இழுக்கும். ஊசி போடும் சிரிஞ்சில் பிஸ்டனை இழுத்தால் மருந்து ஏறுவதுபோல, கல்லீரல் பின்னால் போகும்போது நுரையீரல் விரிந்து காற்று ஏறுகிறது. வயிற்றுத் தசைகள் கல்லீரலை முன்னால் தள்ளினால் காற்று வெளியேறுகிறது. முதலையின் இடுப்புக்கூட்டின் முன்னெலும்புகள்கூட அசையும் விதத்தில் அமைந்து, உள்ளுறுப்புகளுக்கு இடம் விடுகின்றன. இந்த வசதியால் நடக்கும்போதும் முதலையின் மூச்சு குறைவதில்லை. இதே தசையை அது இன்னொரு காரியத்துக்கும் பயன்படுத்துகிறது. நுரையீரலை வால்பக்கம் இழுத்தால் உடம்பின் மிதக்கும் பகுதி பின்னால் நகரும், தலை தானாகத் தாழும், சத்தமில்லாமல் மூழ்கலாம்.

ஊர்வனவற்றின் மூச்சுத் தாளமே நம்முடையதிலிருந்து வேறு. நாம் விடாமல் இழுத்து விட்டுக்கொண்டே இருக்கிறோம். ஊர்வன ஒரு முறை விட்டு, இழுத்து, மூச்சுக்குழலின் வாயை மூடிக்கொண்டு நிறைந்த நுரையீரலோடு அப்படியே இருந்துவிடும். சில நொடிகளோ, சில நிமிடங்களோ, நீரில் என்றால் இன்னும் அதிகமோ. அதே எடையுள்ள பாலூட்டியோடு ஒப்பிட்டால் ஓய்வில் அவற்றின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்பதால் இது கட்டுப்படியாகிறது. இதயமும் இதற்கு ஒத்துழைக்கிறது. பல்லி, பாம்பு, ஆமைகளின் இதயத்தில் கீழறை முழுதாகப் பிரிந்திருக்காது. இதைக் குறைபாடு என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மூச்சை அடக்கியிருக்கும்போது நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பி என்ன பயன்? அந்தப் பிரியாத அறை வழியாக ரத்தத்தை உடம்புக்கே திருப்பிவிட முடிகிறது. முதலையின் இதயம் நான்கு அறைகளாகவே பிரிந்தது, ஆனாலும் ரத்தத்தைத் திருப்பிவிடத் தனியாக ஒரு வழியை வைத்திருக்கிறது.

இனி நுரையீரலுக்குள் காற்று ஓடும் விதம். கடந்த இருபது ஆண்டுகளில் பழைய பாடம் அதிகம் ஆட்டம் கண்டது இங்கேதான். மனித நுரையீரலில் காற்று போன வழியே திரும்ப வருகிறது. முட்டுச்சந்துகளான சிற்றறைகள் 30 கோடிக்கும் மேல் இருக்கின்றன. விரித்துப் போட்டால் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். பரப்பு பிரமாதம், காற்றோட்டம் சுமார். சாதாரணமாக நாம் இழுக்கும் அரை லிட்டரில் ஏறத்தாழ 150 மில்லி குழாய்களிலேயே நின்றுவிடும். மீதியும் உள்ளே தங்கிய பழைய காற்றோடு கலந்துதான் ஆக வேண்டும். பறவையின் நுரையீரல் விரிவதோ சுருங்குவதோ இல்லை. அதைச் சுற்றியுள்ள காற்றுப்பைகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலின் நுண்குழல்களில் காற்று ஒரே திசையில் ஓடும். பறப்பதற்கு அவ்வளவு ஆக்சிஜன் வேண்டும், அதற்காகவே வந்த ஏற்பாடு இது என்று பலரும் உறுதியாக நம்பியிருந்தார்கள்.

2010-ல் யூட்டா பல்கலைக்கழகத்தின் காலீன் ஃபார்மரும் கென்ட் சாண்டர்ஸும் அமெரிக்க அலிகேட்டர் முதலைகளின் மூச்சுக்கிளைகளில் ஓட்டமானிகளை வைத்து அளந்தார்கள். அங்கேயும் காற்று ஒரே திசையில் ஓடியது. பறவைக்குரிய காற்றுப்பைகள் இல்லை, தடுக்க வால்வுகள் இல்லை, குழாய்கள் கிளைக்கும் கோணங்களே காற்றைத் திருப்பிவிடுகின்றன. நாளின் பெரும்பகுதி அசையாமல் கிடக்கும் பிராணிக்கு எதற்குப் பறவையின் ஏற்பாடு? முதலையும் பறவையும் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையின் வாரிசுகள் என்பதால், இது அந்தப் பொதுச்சொத்து, டைனோசர்களுக்கும் இருந்திருக்கும் என்று முதலில் விளக்கினார்கள். 2013-ல் அதே குழுவினர் ஆப்பிரிக்க சவன்னா உடும்பிலும், 2014-ல் பச்சை இக்வானா என்ற பல்லியிலும் ஒருவழி ஓட்டத்தைக் கண்டார்கள். இக்வானாவின் நுரையீரல் மிக எளிமையானது, உள்ளே கிளைக்குழாய்கள்கூடக் கிடையாது. அதிலேயே ஒருவழி ஓட்டம் இருக்கிறது என்றால் பறப்பதற்காக வந்தது என்ற வாதம் நிற்காது.

பல்லிகளின் வழியும் முதலைகளின் வழியும் ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. ஒருவழி ஓட்டம் அந்தப் பிரிவுக்கு முன்பே இருந்ததா, இரண்டு கிளைகளிலும் தனித்தனியாக வந்ததா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எதற்காக வந்தது என்பதற்கு ஃபார்மர் முன்வைக்கும் விளக்கம் ஊர்வனவற்றின் மூச்சுத் தாளத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. நிறைந்த நுரையீரலோடு மூச்சை அடக்கியிருக்கும் முதலையில், பக்கத்திலேயே துடிக்கும் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் நுரையீரலைக் கொஞ்சம் அசைக்கிறது. ஒருவழியாக அமைந்த குழாய்களில் அந்தச் சிறு அசைவே காற்றைச் சுற்றவைத்துவிடும், ஆக்சிஜன் தீராத மூலையிலிருந்து தீர்ந்த மூலைக்குப் புதுக்காற்று நகரும். தசைகளுக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.